வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுவோம்



நான் செஞ்ச தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆடிப்பெருக்கு, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் ஒன்பது வயசுப் பொண்ணு பாசிமணி வித்துக்கிட்டுத் தனியா நின்னுச்சு. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை. நான்தான் 1098க்குப் போன் போட்டேன். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினார்கள். அங்கிருந்து இல்லத்துக்குப் போனாள். நல்லது செஞ்சோம்னு நிம்மதியா தூங்கினேன்.

மூணாம் நாள் அவள் ஆயா நம்ம குழுக் கூட்டத்துக்கே வந்து நின்னாங்க. "லீவு நாள்னு கூட்டியாந்தேன் தாயி. அம்மாக்காரி பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில கிடக்கா" என்றார்கள். அன்றைக்குப் படித்துறையில் பூ வித்த பிள்ளைகளில் நம்ம குழு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தாங்க. அவங்களுக்காக நான் போன் போடலையே!

நியூசிலாந்தில் மாவோரி பிள்ளைகளை இப்படித்தான் அதிகமாகப் பிரித்தார்கள். அந்த மக்கள் கேள்வி கேட்டபின் 1989இல் சட்டம் வந்தது. சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டு விவரம் சொல்லிவிட்டு, அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். குடும்பமே பேசித் திட்டம் சொல்லும். நம்ம 2015ஆம் ஆண்டு சட்டமும் இல்லம் கடைசி வழி என்றுதான் சொல்கிறது.

ஒரு சமூகப்பணியாளர் துணையோடு தேவராயநேரியில் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார வைத்தோம். நாங்க டீக்கடைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தா, முடிவு தயார். தாய் தேறும்வரை அத்தை வீட்டில் பிள்ளை, தினம் பள்ளிக்கூடம், திருவிழாவுக்கு ஆயா மட்டும். "மாமன் வீடு மட்டும் வேண்டாம், அவன் குடிப்பான்" என்று அவங்களே சொன்னாங்க. எந்த விசாரணையில் நமக்கு அது தெரிந்திருக்கும்? அதை எழுதிக் குழுவிடம் கொடுத்தோம். விசாரித்து, மூணு வாரத்தில் அனுப்பினார்கள். தம்பி பிறந்ததை அவள் பார்க்கவில்லை.

அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமணம் என்றால் கூட்டம் கீட்டம் எதுவும் வேண்டாம், உடனே 1098தான். வறுமை மட்டும்தான் என்றால் மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு மனுப் போட உதவுங்கள். கணவரை இழந்த தாய்மார் முக்கியமாகக் கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் தேவராயநேரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் ஆயா முதுகுக்குப் பின்னால் ஒளிஞ்சுக்கிட்டாள்.