காகிதம் சுற்றிய ஈயம்



அருங்காட்சியகத்தின் படைக்கல அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் நீண்ட துப்பாக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். மரக்கட்டை கறுத்திருக்கும், இரும்பில் லேசாகத் துரு படிந்திருக்கும். "இது இன்னும் சுடுமா?" என்று யாராவது ஒரு குழந்தை கேட்கும். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லி நாம் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவோம். குழந்தையின் கேள்விக்கு உண்மையான பதில் வேறு. துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கான தோட்டாதான் இல்லை. ஆலைகள் எப்போதோ கைவிட்ட அந்தத் தோட்டாவைக் கையால் செய்து பார்க்கிறவர்களின் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரே ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். மார்ட்டினி ஹென்றி. பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி இது. கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் குழலின் பின்வாய் திறக்கும். ஒரு தோட்டாவை உள்ளே தள்ளி, நெம்புகோலை உயர்த்திச் சுடவேண்டும். அடுத்த குண்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து. திறந்து மூடும் பொறிக்குக் காரணமானவர் சுவிட்சர்லாந்தின் ஃபிரெடரிக் மார்ட்டினி. ஏழு வரிப்பள்ளங்கள் கொண்ட குழலைத் தந்தவர் எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி.

இதன் முதல் தோட்டாக்கூடு கெட்டிப் பித்தளையில் செய்ததன்று. மெல்லிய பித்தளைத் தகட்டைப் பாய்போலச் சுருட்டி, அடியில் ஒரு வட்டு வைத்துப் பொருத்தியது. வூல்விச் படைச்சாலையில் எட்வர்ட் பாக்சர் உருவாக்கிய முறை அது. வெயிலிலும் மணலிலும், அடுத்தடுத்துச் சுட்டுச் சூடேறிய குழலிலும் அந்தத் தகடு ஒட்டிக்கொண்டது. 1885 ஜனவரியில் சூடானின் அபு கிளியாவில் நடந்த சண்டையில் கூடு வெளியே வராமல் துப்பாக்கிகள் முடங்கின. அதன் பிறகுதான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூடு பரவலானது.

இன்று அப்படி ஒரு துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர் முதலில் செய்யவேண்டியது அளவெடுப்பது. ஒரே பெயர் பொறித்த இரண்டு பழைய துப்பாக்கிகளின் உள்ளறை ஒன்றுபோல இருக்கும் என்று நம்ப முடியாது. நேபாளத்தில் மார்ட்டினியைப் பார்த்துக் கையாலேயே செய்த துப்பாக்கிகள் உண்டு. காட்மாண்டுவின் பழைய அரண்மனைக் கட்டடம் ஒன்றில் தலைமுறைகளாக அடைந்து கிடந்த அவை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. ஆகவே அளவெடுக்கப் பிஸ்மத் கலந்த ஓர் உலோகத்தைப் பயன்படுத்துகிறார்கள். கொதிக்கும் நீரின் சூடுகூட அதற்கு வேண்டாம், அதற்கு முன்பே உருகிவிடும். உள்ளறையில் அதை ஊற்றினால் உறைந்து, முதலில் சற்றுச் சுருங்கும். அப்போதுதான் எளிதாக வெளியே எடுக்க முடியும். பிறகு மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் உள்ளறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அந்த ஒரு மணி நேரம் காத்திருந்துதான் அளவுகோலை வைக்கவேண்டும். தையற்காரர் அளவு நாடாவோடு நிற்பதைப் போன்றதுதான் இதுவும். ஆளுக்கேற்ற சட்டை என்பதுபோல, துப்பாக்கிக்கேற்ற தோட்டா.

அடுத்தது கூடு. இருபத்துநான்காம் எண் ரவைத் துப்பாக்கிக்காகச் செய்யப்படும் நீண்ட பித்தளைக் கூடு, மார்ட்டினியின் கூட்டுக்கு அடிப்பருமனில் ஏறக்குறைய ஒத்துவருகிறது. அதன் கழுத்தைப் படிப்படியாக ஒடுக்கிச் சீசாவின் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நம் ஊர்க் கன்னார்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். பித்தளை அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் இளகும். இறுகிய கழுத்தை மேலும் ஒடுக்கினால் பிளந்துவிடும். அதனால் கழுத்தைமட்டும் காய்ச்சவேண்டும். அடிப்பகுதி இளகினாலோ ஆபத்து, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய இடம் அதுதான். கூட்டைத் தண்ணீரில் நிறுத்தி, மேலே தெரியும் கழுத்தில்மட்டும் நெருப்பைக் காட்டுகிறார்கள். அவசரப்பட்டவரின் மேசையில் பிளந்த கூடுகள் குவிந்து கிடக்கும்.

இனி என் மனம் மிகவும் ஒட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கியின் குண்டு பன்னிரண்டு பங்கு ஈயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது, எடை சுமார் 31 கிராம். அந்த மென்மையான ஈயம் குழலின் இரும்பில் உரசினால் அங்கேயே அப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பு என்ன தெரியுமா? காகிதம். எழுதும் காகிதத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற, பருத்தி நார் கலந்த மெல்லிய தாள்.

தாளைச் சாய்ந்த ஓரங்கள் வரும்படி வெட்டி, தண்ணீரில் நனைத்து, குண்டின்மேல் சரியாக இரண்டு சுற்று சுற்றவேண்டும். தாளின் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று தொட்டு நிற்கலாம், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் ஒரு பக்கம் தடித்துவிடும், குண்டு நேராகப் போகாது. மீதி வாலை முறுக்கி அடியில் உள்ள குழிக்குள் மடித்துவிடுகிறார்கள். பசை வேண்டாம். ஈரம் காயும்போது தாள் தானே சுருங்கி ஈயத்தைக் கவ்விக்கொள்ளும். சுருட்டுச் சுற்றுகிறவர்கள் வெளியிலையைச் சுற்றிமுடிக்கும் லாகவத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதே நனைவு, அதே சாய்வு, பெருவிரலின் அதே நிதானம்.

தோட்டாவும் காகிதமும் என்றவுடன் நம்மவர்களுக்கு 1857இன் சிப்பாய்க் கிளர்ச்சி நினைவுக்கு வராமல் இருக்காது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்கவேண்டியிருந்தது. அதில் தடவியது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற ஐயம் பாளையமெங்கும் பரவியது. சிப்பாய்கள் தேன்மெழுகும் எண்ணெயும் தாங்களே வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். நம்பிக்கை அதற்குள் அறுந்துபோயிருந்தது. மார்ட்டினித் தோட்டாவில் குண்டுக்குப் பின்னே வைப்பதும் தேன்மெழுகுதான். ஒரு வில்லை மெழுகைக் கையில் உருட்டும்போது அதன்மேல் எத்தனை பெரிய வரலாறு படிந்திருக்கிறது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மருந்து கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம். பிரிட்டிஷாருக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி நம் பீகார் மண்ணிலிருந்து போனது. 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்த பிறகு உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. பழைய குழலில் புதிய மருந்தைக் கண்மூடித்தனமாகப் போட்டால் இரும்பு கிழியும், சுடுகிறவரின் கையும் கண்ணும் போகும். இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது இங்கேதான் இருக்கிறது. நல்ல கைவினைஞர் பழைய துப்பாக்கியிடம் அதன் காலத்துக்கு மீறிய வேகத்தைக் கேட்பதில்லை. அது தன் இளமையில் எதைச் செய்ததோ அதையே மறுபடி செய்யவைத்தால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்.

அந்த இளமை எளியதும் அன்று. 1874 செப்டம்பரில் அமெரிக்காவின் கிரீட்மோர் திடலில் ஐரிஷ் அணியும் அமெரிக்க அணியும் மோதின. ஆயிரம் கெஜம் வரைக்கும் இலக்குகள். ஐரிஷ்காரர்கள் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள் வைத்திருந்தார்கள், அமெரிக்கர்களிடம் பின்வாய் திறக்கும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள். அமெரிக்கர் 934, ஐரிஷ் 931. மூன்றே புள்ளி. ஐரிஷ் வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியைத் துல்லியமாகச் சுட்டு, சுழியம் வாங்கினார். அந்தப் பிழைமட்டும் நேராதிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

இந்தக் கலையின் இருட்டையும் சொல்லவேண்டும். பிரிட்டனில் வழக்கொழிந்த தோட்டா அளவுள்ள பழைய துப்பாக்கியைக் காட்சிப் பொருளாக உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். தோட்டாதான் கிடைக்காதே என்பது அந்தச் சலுகையின் அடிப்படை. பழைய கைத்துப்பாக்கிகளுக்குத் தோட்டா செய்து குற்றக் கும்பல்களுக்கு விற்ற ஒருவருக்கு, 2017இல் பர்மிங்காம் நீதிமன்றம் 30 ஆண்டு சிறை விதித்தது. 2021இல் ஏழு தோட்டா வகைகள் அந்தச் சலுகையிலிருந்து நீக்கப்பட்டன. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், அதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உரிமமும் திடலும் பொறுப்பும் உள்ளவர்களின் கையில்தான் இதைக் கலை என்று சொல்ல மனம் வருகிறது.

அப்படி ஒருவர் திடலில் சுட்டு முடித்த பிறகு என்ன செய்வார் தெரியுமா? இலக்கைப் பார்க்கப் போவதற்கு முன்பே குழலின் வாய்க்கு எதிரே புல்லில் குனிவார். வெள்ளைக் காகிதத் துணுக்குகள் கிடக்கும். குழலை விட்டு வெளிவந்த கணத்தில் தாள் குண்டைவிட்டு உதிர்ந்திருக்கவேண்டும். வரிப்பள்ளங்கள் நறுக்கிய நீளக் கீற்றுகள் ஒழுங்காக இருந்தால் சுற்று சரி. கருகிக் கிழிந்திருந்தால் தாளிலோ மெழுகிலோ குறை. துணுக்குகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூடுகளைப் பொறுக்கி, அன்று மாலைக்குள் வெந்நீரில் கழுவுவார். கருமருந்தின் கசடு பித்தளையை அரித்துவிடும். காய்ந்த கூடுகளை வரிசையாக நிறுத்திவிட்டு, அடுத்த தாளை வெட்டக் கத்திரிக்கோலை எடுப்பார்.