பி.ஏ. வரலாறும் ஆயாவின் நிலமும்

(வரலாற்றுத் துறை மாணவர்களிடையே ஆற்றிய உரை)



வரலாற்றை விரும்பிக் கேட்டு எடுத்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். நான்கைந்து கைகள்தான் உயர்ந்தன. உங்கள் வயதில் நானும் உயர்த்தியிருக்க மாட்டேன். வேறு இடம் கிடைக்காமல் பி.ஏ. வரலாறு சேர்ந்தவன் நான். இன்று அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன்.

"ஏரிக்கரை மேட்டு நிலம் சர்க்கார் நமக்குக் கொடுத்தது" என்று என் ஆயா சொல்லிக்கொண்டே இருப்பார். காகிதம் எங்கே என்று ஊர் சிரிக்கும். இரண்டாம் ஆண்டு வகுப்பில், 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையையும், அதன் தொடர்ச்சியாக 1892-இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையையும் ஆசிரியர் விளக்கினார். பஞ்சமி நிலம்! ஆயா சொன்னது வெறும் கதையல்ல என்று அன்று புரிந்தது.

காகிதம் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். எங்கள் நிலத்தின் காகிதம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் தேடிய தேடலில் நான் ஆய்வாளன் ஆனேன்.

வழியைச் சொல்கிறேன். பி.ஏ.வுக்குப் பின் எம்.ஏ. அதில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் 50 விழுக்காடு பெற்றால் நெட் தேர்வு எழுதலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். "எப்போ சம்பாதிக்கப் போற?" என்ற வீட்டுக் கேள்விக்கு அதுவே பதில். பிறகு முனைவர் பட்டம், உதவிப் பேராசிரியர் பணி.

வழி சமதளம் அல்ல. ஒரு நேர்காணலில் என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும், என் ஊரைப் பற்றி மூன்று கேள்விகளும் கேட்டார்கள். "ஊரில் எந்தப் பக்கம்?" என்பது மூன்றாவது. அங்கே வேலை கிடைக்கவில்லை.

அதனால்தான் நாம் போக வேண்டும் என்கிறேன். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் இதழ் தொடங்கினார். நான் படித்த பாடநூலில் அவர் பெயரே இல்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் அவர் எழுத்துகள் நூலாக வந்த பிறகுதான் என் போன்றோர் அவரை வாசித்தோம். ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து தேடினால் இவ்வளவு நடக்கும்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகிறீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் நிலம், கிணறு, கூலி பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொன்னபடியே, பெயரும் ஆண்டும் விடாமல் எழுதுங்கள். திரும்பியதும் அந்த நோட்டோடு என் அறைக்கு வாருங்கள். எந்த ஆவணத்தில் தேடலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.