அந்தரத்தில் நின்ற மீன்கொத்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் குடும்பத்தோடு நடந்தோம். அம்மா முன்னால், மகள் நடுவில், எல்லோருடைய செருப்பும் என் கையில்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். தொடக்கமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் மலையில் பெய்வதால் இது வற்றாத ஆறு.

கரையில் வெளுத்த மருத மரங்கள்.

"ஆச்சி, இந்த மரத்துக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சா?" என்றாள் மகள்.

"யாரும் அடிக்கலட்டி. அதுவா தோலை உரிச்சுக்கிடும்."

உண்மைதான். மருதம் பழைய பட்டையைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். உள்ளே வழவழப்பான புதுப்பட்டை.

அப்போதுதான் அதைப் பார்த்தோம். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று, ஆற்றுக்கு மேலே சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்றது. மற்ற மீன்கொத்திகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து காத்திருக்கும். இதற்குக் கிளையே வேண்டாம். தலைகீழாகப் பாய்ந்தது, எழுந்தது. அலகில் ஒன்றுமில்லை! மறுபடி மேலே போய் நின்றது.

மகள் நகர மறுத்துவிட்டாள். ஐந்தாவது பாய்ச்சலில் அதற்கு மீன் கிடைத்தது. எங்களுக்கு, வீட்டில் ஆறிப்போன இட்லி.