தில்லியின் பழுப்பும் தளிரும்

தமிழகத்திலிருந்து தில்லிக்கு வந்து குடியேறுவோர் முதலாண்டிலேயே ஒரு புதுமையைக் காண்பர். இலைகள் குளிர்காலத்திற்கு முன்னர் நிறம் மாறி உதிரும் என்றே பாடநூல்களில் படித்திருப்போம். இங்கோ ஐப்பசியும் கார்த்திகையும் கழிகின்றன; வேம்பு பசுமை மாறாமல் நிற்கிறது. குளிர் விடைபெறும் மாசி, பங்குனியில்தான் சாலையெங்கும் சருகு குவிகிறது. வசந்தம் வரும் வேளையில் இலைகள் உதிர்வானேன்?

மரத்திற்கு எது கடுமையான பருவமோ, அதை முன்னிட்டே அது இலையை நீக்குகிறது. குளிர்நாடுகளில் உறைபனி கடுமை. ஆகவே அங்கு இலையுதிர்வு அதற்கு முன்னர் நிகழ்கிறது. காஷ்மீரத்துச் சினார் மரங்கள் அக்டோபர், நவம்பரில் செம்பொன் நிறம் கொள்வதும் இவ்வாறே. தில்லியின் சமவெளியிலோ மழையற்ற கோடையே கடுமை. பழைய இலைகளைக் கழித்துப் புதிய இலைகளோடு அக்கோடையை எதிர்கொள்கின்றன இங்குள்ள பல மரங்கள்.

நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர்வுக்கெனத் தனிப்பொழுது இல்லை. ஆயினும் இலையின் ஒவ்வொரு பருவத்திற்கும் பெயரிட்டனர்: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பழுத்த இலையின் பெயரே ஒரு நிறத்தின் பெயராகவும் வழங்குவதை நோக்குங்கள்.

இந்நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? இலை முதிரும்போது மரம் அதிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, தழைச்சத்தின் கணிசமான பகுதியைக் கிளைக்குள் மீட்டுக்கொள்கிறது. பச்சை நீங்கியதும், முன்பே மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பின் வரலாறு வேறு. ஆந்தோசயனின் என்னும் அந்நிறப்பொருளை இலை புதிதாகவே ஆக்குகிறது. நம்மூர் நாட்டுவாதுமையின் முதிர்ந்த இலையிலும், மாந்தளிரிலும் நாம் காணும் செம்மை இதுவே. இளந்தளிரைக் கடும் ஒளியிலிருந்து அது காக்கிறது என்பது அறிஞர் சிலர் கருத்து.

தாவர நிறப்பொருள்களை, சிறப்பாகப் பச்சையத்தை, ஆராய்ந்தமைக்காக ஜெர்மானியர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர் 1915-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். இத்துறையில் நம்மவர் ஒருவரின் பெயரும் நிலைபெற்றுள்ளது. காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, சென்னையிலும் மான்செஸ்டரிலும் பயின்று, வால்ட்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபின், 1949-இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு வேதியியல் பேராசிரியராக வந்தார். பருத்திப் பூ, செம்மரக் கட்டை, கற்பாசி ஆகியவற்றின் பொருள்களைப் பிரித்தெடுத்து அவற்றின் அமைப்பை ஆராய்ந்தார். அமிலத்தோடு சூடாக்கினால் மட்டுமே செந்நிறம் காட்டும் நிறமற்ற பொருள்களும் மரங்களில் உண்டு. அவரும் அவர் மாணவரும் அவற்றையும் ஆராய்ந்தனர். 1960-இல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1963-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1975-இல் மறைந்தார். நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்தாம். வந்த இடத்தின் மரம், செடிகளையும் தம் ஆய்வுக்கு உரியனவாக்கிக் கொண்டார்.

புதுதில்லியை அமைத்தோர் சாலை மரங்களைத் தேர்ந்தபோது, நெடுநாள் வெறுங்கிளையாய் நிற்பவற்றைப் பெரும்பாலும் விலக்கினர். நிழலே முதன்மையான நோக்கம். இன்று கர்த்தவ்ய பாதை எனப்படும் பெருவழியில் நாவலும், ஜன்பத்தில் மருதும், அக்பர் சாலையில் புளியும் நிற்பதைக் காணலாம். நாம் பிறந்த மண்ணின் மரங்களும் இவையே. வண்ணம் காண விழைவோர் மார்ச் மாதத்தில் குசும் மரத்தைத் தேடிச் செல்லுங்கள். மரம் முழுதும் செந்தளிர் போர்த்து நிற்கும். அரசும், பில்கன் எனப்படும் ஆலினமும் தாமிர நிறத் தளிர் விடும். அயல்நாட்டு இலையுதிர் காலத்தைப் படங்களில் கண்டு ஏங்குவோர் தம் வாசலில் நிகழும் இதனைக் காணாதிருப்பது வியப்பே.

இறுதியாக ஒன்று. உதிர்ந்த சருகைத் தீயிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. மரம் மண்ணுக்குத் திருப்பித் தரும் எஞ்சிய சத்தை அவ்வாறு எரிப்பதால், மண்ணும் இழக்கிறது. நம் மூச்சும் கெடுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தில்லியில் இதனைத் தடுத்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் தண்டமும் விதித்தது. தண்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, பயனறிந்தும் இதனைக் கைவிடுதல் நன்று. குடியிருப்பின் மூலையில் ஒரு குழி வெட்டிச் சருகை இட்டு, அவ்வப்போது நீர் தெளித்துக் கிளறி வந்தால், சில மாதங்களில் நல்ல இலைமட்கு கிடைக்கும். வரும் பங்குனியில் உங்கள் குழந்தைகளை அழைத்துச் சென்று, மரத்தில் தளிரையும் தரையில் பழுப்பையும் ஒருங்கே காட்டுங்கள். அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள்.