‘லேப் ரிப்போர்ட் இன்னும் வரல’

(கோத்தகிரியில் நடந்த அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலை எடை போட்டுவிட்டு, இந்தக் குளிரில் நேராகக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அக்காமார்களுக்கு முதல் வணக்கம். நானும் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன்தான். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. வன்கொடுமை வழக்குகளில் அறிவியல் சாட்சியம் என்ன ஆகிறது என்பதைத்தான் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் லைனில் ஒரு சித்தி இருக்கிறார். அவருடைய மகன் ஒருநாள் காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிணமாகக் கிடந்தான். வேறு சாதிப் பெண்ணோடு அவனுக்குப் பழக்கம் இருந்தது லைனுக்கே தெரியும். ‘மருந்து குடிச்சிட்டான்’ என்றது போலீஸ். உள்ளுறுப்புகளை எடுத்து மலைக்குக் கீழே ஆய்வுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதன்பிறகு சித்தி எப்போது ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒரே பதில்தான்: ‘லேப் ரிப்போர்ட் இன்னும் வரல.’ ஓராண்டுக்கு மேல் கழித்துதான் தெரிந்தது, பாட்டில்கள் பல மாதம் கீழே போகவே இல்லை என்று. கடைசியில் வந்த அறிக்கையில் ஒரே வரி: ‘விஷம் கண்டறியப்படவில்லை.’

விஷம் இல்லை என்பதும் விஷம் கண்டறியப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. சில பூச்சிக்கொல்லிகள் நாளாக ஆகச் சிதைந்துவிடும். மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, எதில் வைக்கப்பட்டது, எப்போது ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் அந்த ஒரு வரிக்கு அர்த்தமே இல்லை. அதைச் சித்திக்கு யாரும் சொல்லவில்லை. அவன் செத்தானா, கொல்லப்பட்டானா என்று இன்றும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வகங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1849-லேயே சென்னையில் வேதியியல் பரிசோதகரின் ஆய்வகம் தொடங்கப்பட்டுவிட்டது. இன்றைய தடய அறிவியல் துறை காவல்துறையின் கிளை அல்ல, தனி இயக்குநரைக் கொண்ட தனித் துறை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டுமே உள்துறையின் கீழ்தான் இருக்கின்றன. புலனாய்வு செய்பவருக்கும் புலனாய்வைச் சோதிப்பவருக்கும் மேலே ஒரே செயலாளர், ஒரே அமைச்சர். அப்படியானால் ஆய்வகத்தைச் சோதிப்பது யார்?

நீதிமன்றம் சோதிக்கும் என்பார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவைப் பாருங்கள். பழைய சட்டத்தின் 293-தான் அது. அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைக்கலாம், கட்டாயம் இல்லை. அந்த ஆய்வகம் தரச்சான்று பெற்றதா என்ற கேள்வியும் அந்தப் பிரிவில் இல்லை.

விளைவைச் சுருளி அருவி வழக்கில் பார்த்தோம். 2011-இல் தேனி மாவட்டத்தில் ஓர் இளம் இணையர் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மரண தண்டனை கொடுத்தன. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை என்பது முக்கியமான காரணம். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரவேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்று நாடு முழுமைக்கும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டது. ஒருவர் தூக்குக் கயிற்றின் நிழலில் வாழ்ந்தார். கொன்றது யார் என்ற கேள்விக்கோ 14 ஆண்டுகள் கழித்தும் விடை இல்லை.

வேங்கைவயலை எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். முதலில் இரத்த மாதிரி கேட்கப்பட்ட 11 பேரில் பெரும்பாலானோர் அந்த ஊர்க்காரர்களே. ‘பாதிக்கப்பட்ட நாங்களே குற்றவாளிகளா?’ என்று கேட்டுப் பலர் மறுத்தார்கள். மொத்தம் 31 பேரிடம் மாதிரி எடுத்தும் எதுவும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததாகச் சொன்னது. வன்கொடுமை வழக்கில் 60 நாளில் குற்றப்பத்திரிகை என்கிறது சட்டம். இங்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. யாருடைய இரத்தத்தைச் சோதிப்பது என்று முடிவு செய்தது விஞ்ஞானி அல்ல, போலீஸ். ஆய்வகம் தன்னிடம் கொடுக்கப்பட்ட குழாயைத்தான் சோதிக்கும். சாதி அந்தக் குழாய்க்கு முன்பாகவே வேலை செய்துவிடுகிறது.

அறிவியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்தில் கிடந்த உடலைத் தற்கொலை என்று முடித்துவிடப் பார்த்தார்கள். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் 2022-இல் தண்டனை கிடைத்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு அதில் பெரும் பங்கு வகித்தது. சாட்சிகளை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம். ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்ட தடயத்தை மிரட்ட முடியாது. அதனால்தான் அறிவியல் சாட்சியம் மற்ற எல்லாரையும்விட நமக்கு அதிகம் தேவை.

‘ஆட்களைப் போடுங்கள், வேகமாக அறிக்கை கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் போதாதா? போதாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆனி டூக்கன் என்ற அரசு ஆய்வக ஊழியர் மற்ற எல்லாரையும்விட வேகமாக அறிக்கை கொடுத்தார். எப்படி? பல மாதிரிகளைச் சோதிக்காமலேயே. உடன் வேலை செய்தவர்கள் சந்தேகப்பட்டும் மேலதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. 2012-இல் விஷயம் வெடித்தது, 2017-இல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் ரத்தாயின. பிரிட்டன் தடய அறிவியலுக்கென்று தனி ஒழுங்காற்றுநரை வைத்து, 2021-இல் அவருக்குச் சட்ட அதிகாரமும் கொடுத்தது. இங்கே 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். நிபுணரைக் கண்காணிப்பது யார் என்பதைப் பற்றி அது பேசவில்லை.

இது வெறும் சட்டப் பேச்சு இல்லை, வயிற்றுப்பாடும்கூட. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்ணுக்கு நிவாரணத்தில் பாதி, அதை உறுதிசெய்யும் மருத்துவ அறிக்கை வந்த பிறகுதான். அறிக்கை தாமதமானால் பணமும் தாமதமாகும். கையில் காசு இல்லாத குடும்பத்தைச் சமரசத்துக்கு இழுப்பது எவ்வளவு எளிது என்று உங்களுக்குத் தெரியாதா?

என்ன செய்யலாம்? உள்துறைக்கு வெளியே, அறிவியலாளர்களும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதிகளும் கொண்ட ஒழுங்காற்று அமைப்பு வேண்டும். வன்கொடுமை வழக்குகளின் மாதிரிகள் எத்தனை, எவ்வளவு நாளாகக் கிடக்கின்றன என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். இவை நெடுங்காலப் போராட்டங்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விதி 17-இன்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். ஊட்டியில் அடுத்து கூடும்போது நாம் மனு கொடுப்போம்: இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு வன்கொடுமை வழக்கிலும் மாதிரி எடுத்த தேதி, அனுப்பிய தேதி, ஆய்வகம் பெற்ற தேதி, அறிக்கை வந்த தேதி. நான்கே தேதிகள். அவற்றைக் குழுவின் முன் வைக்கச் சொல்வோம்.

சித்திக்கு அந்த நான்கு தேதிகளை யாராவது அன்றே சொல்லியிருந்தால், பாட்டில்கள் கீழே போகாமல் கிடந்தது முதல் மாதமே தெரிந்திருக்கும். அடுத்து இப்படி ஒரு வீட்டில் ‘ரிப்போர்ட் இன்னும் வரல’ என்று சொன்னால், ‘எந்தத் தேதியில் அனுப்பினீங்க?’ என்று கேட்க லைனுக்கு ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

ஜெய்பீம்.