அலரி பூத்த நகரம்



கல்விக் கருத்தரங்கொன்றின் பொருட்டு யப்பானிலுள்ள ஹிரோஷிமா நகருக்குச் சென்றிருந்தேன். 1945 ஓகஸ்ட் 6இல் அணுகுண்டினால் அழிந்த நகரம் என்றே ஆண்டுதோறும் மாணவர்க்கு அதனைக் கற்பித்து வந்தவன் நான். துயரத்தின் சுவடுகளையே எதிர்பார்த்துச் சென்ற என்னை ஆறுகளும், மரநிழலும், டிராம் வண்டிகளின் மணியோசையும் வரவேற்றன. குண்டு விழுந்த மூன்று நாட்களில், ஓகஸ்ட் 9இலேயே, அவ்வண்டிகள் ஒரு பகுதியில் மீண்டும் ஓடத் தொடங்கினவாம்! 75 ஆண்டுகளுக்குப் புல்லும் முளையாது என்று பேசப்பட்ட அம்மண்ணில் அலரி பூத்தது. 1973இல் அதுவே நகரின் மலராயிற்று. நம் கோயில் வீதிகளில் நாம் காணும் அதே அலரி!

பாடத்தைப் பாதியிலே நிறுத்தி வந்திருக்கிறேன் என்பதை அங்கு உணர்ந்தேன். ஊர் திரும்பியதும் அவ்வகுப்பை மீண்டும் எடுத்தேன்.