கேட்டால்தான் உறவு நிலைக்கும்

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி சொன்னாங்க, "பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை இடிச்சுப் புதுப்பிக்கிறார், நாலு நாள் பொறுத்துக்கிட்டா என்ன?" என்று. பொறுக்கலாம்மா! சத்தத்தைப் பொறுக்கலாம், தூசியைப் பொறுக்கலாம். தெருமுனைக் குப்பைத்தொட்டியைப் பொறுக்க முடியுமா?

அது 1,100 லிட்டர் தொட்டி. காய்கறித் தோலுக்கும் காகிதத்துக்கும் வச்சது. அதுல செங்கல் இடிசலை ரொப்பினா ஒரு டன்னைத் தாண்டும். மாநகராட்சி லாரி தூக்குமா? தூக்காது! அப்புறம் தெருக் குப்பை மொத்தமும் தரையில. மழை வந்தா மணலும் சிமெண்டும் வடிகாலை அடைக்கும். தண்ணி எங்கே போகும்? புதுப்பிக்கிறவர் தரையை ரெண்டடி ஏத்திட்டார். நம்ம வீட்டுக்குத்தான் வரும்! (சிரிப்பு, கைதட்டல்)

இடிசல் தெருவையோ வடிகாலையோ அடைக்கக் கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டது. ஆனா, விதியைக் காட்டிக் கேட்டா வழக்கு. முதல் மூட்டை விழும்போதே, "அண்ணே, இதுக்குத் தனி வண்டி சொல்லிடுங்களேன்" என்று கேட்டா உறவு. பொறுத்துப் பொறுத்துக் கடைசியில வாய் திறக்கிறவன் பேசறதில்லை, வெடிக்கிறான்!

ஆகவே, அயலார் உறவைக் காப்பது பொறுமையல்ல, உரிய நேரத்தில் உரிமையோடு கேட்பதே என்று கூறி அமர்கிறேன்.